பாப்புவா நியூ கினி மகளிர் அணி: பசிபிக் போட்டிகளில் ஆறு தங்கம், உலகக் கோப்பையில் ஏன் ஒருமுறைகூட இல்லை?

வைகைக்கரையான் எழுதிய கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். மகளிர் கால்பந்தைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். 2023 பிப்ரவரியில், உலகக் கோப்பையின் கடைசி இடங்களுக்காக நியூசிலாந்தில் நடந்த பிளே-ஆஃப் சுற்றில்தான் பாப்புவா நியூ கினி அணியை முதன்முதலாகப் பார்த்தேன். ஆக்லாந்தின் நார்த் ஹார்பர் மைதானத்தில் பனாமாவிடம் 0-2 என்ற கணக்கில் தோற்று, அந்த ஒரே ஆட்டத்தோடு அவர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பனாமா அடுத்த ஆட்டத்தில் பராகுவேயை வென்று முதன்முறையாக மகளிர் உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

அதன்பின் இந்த அணியைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்குக் குழப்பமே மிஞ்சியது. பசிபிக் விளையாட்டுப் போட்டிகளில் மகளிர் கால்பந்து 2003 இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு பிஜியின் சுவா, 2007 இல் சமோவாவின் ஆப்பியா, 2011 இல் நியூ கலிடோனியாவின் நூமியா, 2015 இல் பாப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பி, 2019 இல் மீண்டும் ஆப்பியா, 2023 இல் ஹொனியாரா என்று ஆறு முறை நடந்த போட்டியில் ஆறு முறையும் தங்கம் வென்றது இந்த ஓர் அணிதான். இருபது ஆண்டுகளாக வேறு எவரையும் முதலிடத்துக்கு விடாத அணி, உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை என்பது எப்படி?

சிறிய தீவு நாடு, ஆள் பற்றாக்குறை என்ற வழக்கமான விடை இங்கே பொருந்தவில்லை. பாப்புவா நியூ கினியின் மக்கள்தொகை ஒரு கோடி அளவில் இருக்கிறது. நியூசிலாந்தில் வாழ்பவர்கள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர்தான். சமோவா, டோங்கா போன்ற நாடுகளைப் பற்றிச் சொல்லக்கூடிய காரணத்தை இந்த நாட்டுக்குச் சொல்ல முடியாது. ஆடத் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள், வெல்லும் பழக்கமும் இருக்கிறது. அப்படியானால் குறை எங்கே? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நடுக்களம் எழுதிய பதில்

நல்ல கேள்வி. பதிலின் ஒரு பாதி, நீங்கள் குறிப்பிட்ட அந்த ஆறு தங்கத்திலேயே இருக்கிறது. பசிபிக் விளையாட்டுப் போட்டிகளின் மகளிர் கால்பந்தில் நியூசிலாந்து ஆடுவதில்லை. ஆகவே அந்தத் தங்கங்கள் தீவு நாடுகளுக்குள் யார் முதல் என்பதை மட்டுமே சொல்கின்றன. உலகக் கோப்பைக்கான வாசலோ, பசிபிக் பகுதி நாடுகளின் கால்பந்து அமைப்பான ஓசியானியக் கூட்டமைப்பின் போட்டி வழியாகப் போகிறது. அந்த வாசலில் நீண்ட காலம் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நின்றன, 2006 இல் ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்புக்கு மாறிய பிறகு நியூசிலாந்து மட்டும் நின்றது.

இந்தப் போட்டிகளுக்குப் பாப்புவா நியூ கினி புதிய அணி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1991 இல் முதல் மகளிர் உலகக் கோப்பைக்கான ஓசியானியத் தகுதிச் சுற்றில் ஆடியவை மூன்றே அணிகள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாப்புவா நியூ கினி. அடுத்த உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டி போர்ட் மோர்ஸ்பியிலேயே நடந்தது. அப்போதும் அதே மூவர்தாம். மற்றத் தீவுகள் பெண்களுக்கு அணி அமைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இவர்கள் இரண்டு பெரிய அணிகளோடு மோதித் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோல்விகளை நான் மதிப்போடுதான் பார்க்கிறேன்.

ஓசியானியாவுக்கு ஒரே ஓர் இடம் என்ற நிலையில், 1991 இல் நியூசிலாந்தும், 1995, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவும், 2007 முதல் 2019 வரை நான்கு முறை நியூசிலாந்தும் தகுதி பெற்றன. இதன் பொருள், ஒரு தீவு அணிக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஓர் ஆட்டம் வாய்க்கும், அதில் நியூசிலாந்தை வெல்ல வேண்டும் என்பதுதான். 2010 இல் ஆக்லாந்தில் நியூசிலாந்தோடு நடந்த தகுதிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பாப்புவா நியூ கினி 0-11 என்று தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, தங்கள் நாட்டின் கோக்கொப்போ நகரில், கலபோண்ட் ஓவல் மைதானத்தில் அதே நியூசிலாந்திடம் 0-3 என்று மட்டுமே தோற்றது. இடைவெளி குறைந்துவிட்டது என்று அப்போது பலரும் மகிழ்ந்தோம். ஆனால் 2016 ஜனவரியில் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில், அதுவும் சொந்த மண்ணில், 1-7 என்று தோற்று, இரண்டாவது ஆட்டத்துக்குப் போகாமலேயே விலகிக்கொண்டார்கள். ஆகவே இந்த அணியின் வளர்ச்சியை ஒரு நேர்க்கோடாக வரைய முடியாது.

நியூசிலாந்து மட்டுமே தடை என்று சொல்வதும் முழு உண்மையாகாது. 2018 இல் நியூ கலிடோனியாவில் நடந்த, ஓசியானியாவின் தகுதிப் போட்டியான நேஷன்ஸ் கோப்பையில், அரையிறுதியிலேயே பிஜி இவர்களை 5-1 என்று வென்றது. இறுதியில் பிஜி நியூசிலாந்திடம் 0-8 என்று தோற்றது வேறு செய்தி.

2023 உலகக் கோப்பையை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தியதால் நியூசிலாந்து நேரடியாகத் தகுதி பெற்றுவிட்டது. அதனால் 2022 ஜூலையில் சுவாவில் நடந்த நேஷன்ஸ் கோப்பையில் அது பங்கேற்கவில்லை. வெற்றி பெறும் அணி பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஜூலை 30 அன்று இறுதி ஆட்டத்தில், முழு அரங்கமும் பிஜிக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நிலையில், பாப்புவா நியூ கினி 2-1 என்று வென்று முதன்முறையாக ஓசியானியாவின் சாம்பியன் ஆனது. நீங்கள் ஆக்லாந்தில் பார்த்தது அந்த வெற்றி திறந்துவிட்ட வாசலைத்தான்.

மாலைப் பயிற்சி எழுதிய பதில்

நடுக்களம் அவர்கள் தந்த வரலாறு சரியானது. ஆனால் 2023 பிப்ரவரியில் எதிரே நின்றது நியூசிலாந்து இல்லையே! பனாமாவிடம் ஏன் தோற்றார்கள் என்பதற்கு அந்த வரலாற்றில் விடை கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுமிகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

2022 ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாப்புவா நியூ கினி அணி சுவாவில் தீவு அணிகளோடு ஆடிய அதே மாதத்தில், பனாமா அணி மெக்சிகோவின் மொண்டெர்ரேயில் கனடாவோடும் கோஸ்ட்டா ரிக்காவோடும் ஆடியது. கனடா அப்போது ஒலிம்பிக் சாம்பியன். அந்த இரண்டு ஆட்டங்களிலும் பனாமா தோற்றது. தோற்றுத்தான் பிளே-ஆஃப் சுற்றுக்கே வந்தது. ஆனால் தோற்ற அந்த ஆட்டங்களில் அது என்ன கற்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பந்து காலுக்கு வந்த மறுநொடியே எதிராளி மேலே வந்து விழும் வேகத்தைப் பயிற்சிக் களத்தில் எவராலும் சொல்லித்தர முடியாது. அதை ஆட்டத்தில் பட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நான் அந்த ஆக்லாந்து ஆட்டத்தைப் பார்த்தேன். பாப்புவா நியூ கினிப் பெண்களிடம் ஓட்டம் இருந்தது, துணிவு இருந்தது, ஒருவரோடு ஒருவர் மோதும்போது பின்வாங்காத மனம் இருந்தது. தனித்தனியாக எடுத்துக்கொண்டால் மீகன் குனெம்பாவையோ ரமோனா படியோவையோ எந்த அணியும் வேண்டாம் என்று சொல்லாது. என் கண்ணுக்குப் பட்ட குறை வேறு. தற்காப்பு வரிசையில் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஒருத்தி பந்தை நோக்கிப் போனால் பக்கத்தில் இருப்பவள் அந்த இடத்தைக் கேட்காமலே மூட வேண்டும். என் மாணவிகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்கவே இரண்டு பருவங்கள் பிடிக்கின்றன, அதுவும் வாரம் ஓர் ஆட்டம் ஆடினால்தான். போட்டிக்கு முன் முகாமில் கூடி, போட்டி முடிந்ததும் பிரிந்துவிடும் அணிக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

2019 ஜூலையில் ஆப்பியாவில் சமோவாவை 3-1 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு பெருந்தொற்று வந்தது, எல்லைகள் மூடப்பட்டன. அடுத்த பெரிய போட்டி 2022 இல்தான். இருபத்திரண்டு வயதில் உச்சத்தில் இருந்த ஒரு வீராங்கனைக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே என்னைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள் என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான், ஏன் உலகக் கோப்பைக்குப் போகவில்லை என்ற கேள்விக்கும் பதில்.

மலர்விழி ஆசிரியை எழுதிய பதில்

வைகைக்கரையான் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். என் கணவரின் வேலை காரணமாகப் பாப்புவா நியூ கினியின் லாயே நகரில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தேன். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தேன். கால்பந்து நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண்கள் ஆடுவதை அன்றாடம் என் வகுப்பறைச் சன்னல் வழியாகப் பார்த்தவள் என்பதால், ஆட்டங்கள் ஏன் குறைவு என்று பயிற்சியாளர் ஐயா எழுப்பிய கேள்விக்கு அங்கே கண்டதை வைத்துச் சிறிது விளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, அந்த நாட்டின் நிலவமைப்பு. தலைநகரான போர்ட் மோர்ஸ்பிக்கும் இரண்டாவது பெரிய நகரமான லாயேக்கும் இடையே சாலை கிடையாது. நடுவே மலைத்தொடர் நிற்கிறது. ஒரு நகரத்து அணி மற்ற நகரத்து அணியோடு ஆட வேண்டுமானால் விமானத்தில்தான் போக வேண்டும். லாயேக்குரிய நட்சாப் விமான நிலையமே ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக்குப் பேருந்தில் போய் ஆடிவிட்டு இரவே திரும்பும் வசதியைப் பழகிய நமக்கு இதன் சுமை உடனே புரிவதில்லை. இருபது பெண்களும் பயிற்சியாளரும் உடன் வரும் ஒரு தாயும் விமானச் சீட்டு வாங்கினால்தான் ஓர் ஆட்டம் நடக்கும் என்றால், நாடு தழுவிய லீக் எத்தனை வாரம் நடக்க முடியும்? எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாடு அது என்று படித்திருப்பீர்கள். அத்தனை மொழிகளைப் பிரித்து வைத்த அதே மலைகள்தாம் இந்த அணிகளையும் பிரித்து வைத்திருக்கின்றன.

இரண்டாவது, வெளிச்சம். அந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும். பள்ளி முடிந்து பெண்கள் மைதானத்துக்கு வரும்போதே மூன்றரை ஆகியிருக்கும். ஐந்து மணிக்கெல்லாம் பயிற்சியை முடித்தாக வேண்டும், ஏனென்றால் பி.எம்.வி. என்று அழைக்கப்படும் சிற்றுந்துகள் இருட்டியபின் கிடைப்பது அரிது. இருட்டில் ஒரு பெண் தனியாக நடந்து வீட்டுக்குப் போவதை எந்தத் தாயும் அனுமதிக்க மாட்டாள். பையன்கள் அதே மைதானத்தில் கண் தெரியும் வரை ஆடிக்கொண்டிருப்பார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் குறைந்தால் பத்து ஆண்டுகளில் எவ்வளவு குறையும் என்று கணக்கு ஆசிரியையாகிய நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மழை. லாயேயில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும். மைதானத்தில் பாதி எப்போதும் தண்ணீர். பந்து தரையில் உருளாமல் சேற்றில் நின்றுவிடும் என்பதால், அந்தப் பெண்கள் கால் நுனியால் பந்தைக் கிள்ளி மேலே தூக்கி, அது விழுவதற்குள் அடிக்கப் பழகியிருந்தார்கள். பத்து வயதுச் சிறுமிகூட அதைச் செய்வாள். நல்ல புல்தரையில் ஆடும்போது அந்தப் பழக்கம் உதவுமா, இடைஞ்சலாகுமா என்பதைப் பயிற்சியாளர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

நான் கண்ட ஒரு காட்சியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அங்கே பெண்கள் 'பிலும்' என்ற பின்னல் பையைக் கைப்பிடி நெற்றியில் படும்படி முதுகில் தொங்கவிட்டுச் சுமப்பார்கள். காய்கறியும் அதில்தான், கைக்குழந்தையும் அதில்தான். சனிக்கிழமை ஆட்டங்களின்போது மைதானத்து ஓரத்தில் இருந்த மழைமரத்தின் தாழ்ந்த கிளையில் பத்துப் பன்னிரண்டு பிலும்கள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் ஒன்றில் எப்போதும் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அதன் தாய் நடுக்களத்தில் ஆடுபவள். இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டு, குழந்தையை மறுபடி பையில் இட்டு, இரண்டாம் பாதிக்கு ஓடுவாள். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் அரைக்கால் சட்டைக்கு மேல் லாப்லாப் துணியைச் சுற்றிக்கொண்டு, பூப்போட்ட தளர்ந்த மேலாடையை அணிந்துகொண்டுதான் தெருவில் இறங்குவார்கள். அப்படிப் போகாவிட்டால் கேட்க வேண்டியிருந்த பேச்சுகளை இங்கே எழுத நான் விரும்பவில்லை.

வைகைக்கரையான்

மலர்விழி அம்மா, இத்தனை விவரங்களுக்கும் மனமார்ந்த நன்றி. சாலை இல்லாத செய்தி எனக்கு முற்றிலும் புதியது. இன்னொரு கேள்வி. 2016 இல் இருபது வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கோப்பையைப் பாப்புவா நியூ கினியே நடத்தியிருக்கிறது. அந்த முயற்சியால் பயன் விளைந்ததா? மேலும், இந்த அணியை 'லகாதோய்' என்று அழைக்கிறார்களே, அதன் பொருள் என்ன?

குன்றத்தூரான் எழுதிய பதில்

அந்த உலகக் கோப்பை வீண் செலவு என்பதே என் கருத்து. முதலில் தென்னாப்பிரிக்கா நடத்துவதாக இருந்து, அது விலகிய பிறகு பாப்புவா நியூ கினிக்கு வந்த போட்டி அது. தொடக்க ஆட்டத்திலேயே பிரேசிலிடம் 0-9. சுவீடனிடம் 0-6, வட கொரியாவிடம் 1-7. மூன்று ஆட்டங்களில் 22 கோல்களை வாங்கிய பெண்களுக்கு அதனால் என்ன நன்மை? போட்டியை நடத்தும் நாடு என்பதற்காகத் தகுதிச் சுற்று இல்லாமல் இளம் பெண்களை உலகின் மிகச் சிறந்த அணிகளின் முன் நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை. அந்தப் பணத்தில் பத்து நகரங்களில் நல்ல மைதானம் அமைத்திருக்கலாம். எல்லா ஆட்டங்களும் தலைநகரிலேயே நடந்தன. லாயேக்கும் மலைநாட்டுக்கும் அதனால் என்ன கிடைத்தது?

நடுக்களம்

குன்றத்தூரான் அவர்களின் கடைசிக் கேள்வியோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. மைதானங்கள் தலைநகரோடு நின்றுவிட்டது பெரிய குறைதான். ஆனால் கோல் கணக்கை வைத்து அந்தப் போட்டியை எடை போடுவதை ஏற்க முடியவில்லை. வட கொரியா அந்த ஆண்டு பிரான்சை 3-1 என்று வென்று கோப்பையையே கைப்பற்றிய அணி. அந்த அணியின் வலைக்குள் நிக்கோலெட் அகேவா அடித்த ஒரு கோலுக்கு என்ன மதிப்பு என்பதை அந்த நாட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இளம் அணியைப் பயிற்றுவித்தவர் அமெரிக்கரான லிசா கோல். ஆறு ஆண்டுகள் கழித்து 2022 இறுதி ஆட்டத்தில் அவர் எதிர்முகாமில், பிஜியின் பயிற்சியாளராக இருந்தார். தான் பயிற்றுவித்த நாட்டிடமே அவர் தோற்றார். தீவுகளில் பயிற்சியாளர்கள் இப்படி நாடு விட்டு நாடு போய்க்கொண்டே இருக்கிறார்கள். பாப்புவா நியூ கினி சுவாவில் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் நிக்கோலா டெமைன். ஏழே மாதத்தில் ஆக்லாந்தில் ஸ்பென்சர் பிரையர் அந்த இடத்தில் இருந்தார். மாலைப் பயிற்சி அவர்கள் சொன்ன தற்காப்பு ஒழுங்கு உருவாகாததற்கு இந்த மாற்றங்களும் காரணம் என்று நான் கருதுகிறேன்.

நிர்வாகத்தையும் விட்டுவிட முடியாது. 2017 வாக்கில் அந்த நாட்டுக் கால்பந்து நிர்வாகம் இரண்டாகப் பிளந்து, இரண்டு தரப்பும் தனித்தனி லீகுகளை நடத்தின. ஆண்கள் கால்பந்தே அந்த நிலையில் இருந்தபோது பெண்களின் ஆட்டங்களைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

மலர்விழி ஆசிரியை

குன்றத்தூரான் ஐயாவின் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், அந்தப் போட்டி நடந்தபோது நான் லாயேயில்தான் இருந்தேன் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். அந்த நாட்டில் ரக்பி லீக் தான் மக்களின் உயிர். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்சும் மோதும் இரவுகளில் எங்கள் தெருவே இரு நிறமாகப் பிரிந்துவிடும். 'சோக்கா' என்று டோக் பிசின் மொழியில் சொல்லப்படும் கால்பந்து, அதுவும் பெண்கள் ஆடும் கால்பந்து, தொலைக்காட்சியில் முழுதாக ஒளிபரப்பாகி அக்கம்பக்கத்தார் கூடியிருந்து பார்த்ததை அந்த மூன்று வாரங்களில்தான் நான் கண்டேன். வட கொரியாவுக்கு எதிராக அந்தக் கோல் விழுந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி பாக்கு மென்றுகொண்டிருந்த வாயோடு முற்றத்துக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது கணக்கு எத்தனைக்கு எத்தனை என்று அவர் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் என் வகுப்பிலிருந்து கால்பந்துக்குப் பெயர் கொடுக்க நான்கு பெண்கள் புதிதாக வந்தார்கள். அதில் இருவர் அந்தப் பருவம் முடிவதற்குள் நின்றுவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருத்தியின் தந்தை அனுமதிக்கவில்லை. மற்றவளுக்குச் சிற்றுந்துக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை.

'லகாதோய்' பற்றிக் கேட்டீர்கள் தம்பி. போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றியுள்ள கடற்கரையில் வாழும் மோட்டு மக்களின் பாய்மரக் கலத்துக்கு அந்தப் பெயர். பல மரத்தோணிகளைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து, நண்டின் கொடுக்கைப் போன்ற வடிவில் பாய் விரித்த கலம் அது. 1901 இல் அந்தப் பகுதியில் வெளியான அஞ்சல்தலைகளிலேயே அதன் படத்தைக் காணலாம். 'ஹிரி' என்ற வாணிபப் பயணத்துக்காக அதைக் கட்டுவார்கள். தென்கிழக்குக் காற்றோடு பப்புவா வளைகுடாவுக்குப் போய், மண்பானைகளைக் கொடுத்துச் சவ்வரிசி மாவும் மரமும் வாங்கி, வடமேற்குக் காற்று வந்ததும் திரும்புவார்கள். கலத்தில் போகிறவர்கள் ஆண்கள். கலம் நிறையும்படி ஏற்றப்படும் பானைகளை வனைந்து சுடுபவர்கள் பெண்கள். தட்டுப்பலகையும் கல்லும் மட்டும் கொண்டு, சக்கரம் இல்லாமல் அவர்கள் பானை வனைவார்கள்.

மாலைப் பயிற்சி

ஆசிரியை அம்மா கேட்ட கேள்விக்கு முதலில் பதில். சேற்றில் பந்தைத் தூக்கி அடிக்கும் பழக்கம் ஒரு சொத்துதான். பாப்புவா நியூ கினிப் பெண்கள் பந்து காற்றில் இருக்கும்போதே உடலைத் திருப்பி அடிக்கும் அழகை நானும் வியந்திருக்கிறேன்; அது எங்கிருந்து வந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆனால் தரையோடு பத்து முறை பந்தைக் கைமாற்றி எதிரணியைக் களைக்க வைக்கும் ஆட்டத்துக்குத் தட்டையான தரையில் ஆயிரக்கணக்கான மணி நேரப் பயிற்சி வேண்டும். சேற்றில் அதைப் பழக முடியாது. இரண்டும் தெரிந்திருந்தால் அந்த அணியைத் தடுப்பது கடினம்.

வைகைக்கரையான் அவர்களுக்கு ஒரு பரிந்துரை. இந்த அணியைத் தொடர விரும்பினால் நேஷன்ஸ் கோப்பையோடு நின்றுவிடாதீர்கள். 2023 இல் ஓசியானியக் கூட்டமைப்பு மகளிர் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீகைத் தொடங்கியது. முதல் போட்டி போர்ட் மோர்ஸ்பியிலேயே நடந்தது. அந்த ஊரின் ஹெக்காரி யுனைடெட் அணியும் அதில் ஆடியது, கோப்பையை நியூ கலிடோனியாவின் அகாடெமி ஃபெமினின் வென்றது. தேசிய அணி கூடாத மாதங்களில் இந்தப் பெண்கள் தரமான எதிரணியைச் சந்திப்பதற்கு இப்போதைக்கு இருக்கும் சிறந்த வழி இதுதான். 2023 இறுதியில் ஹொனியாராவில் பிஜியோடு இவர்கள் பெனால்டி வரை போய்த்தான் தங்கம் வென்றார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மற்றத் தீவுகள் நெருங்கி வந்துவிட்டன.

வைகைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. நேர்மையாகச் சொன்னால், நிர்வாகக் குறை என்று ஒரே வரியில் பதில் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு ஐயம் பாக்கி இருக்கிறது. நியூசிலாந்து போட்டியை நடத்தும் நாடாக இல்லாத 2027 இல், மீண்டும் பழைய நிலைதானா?

நடுக்களம்

முழுவதும் பழைய நிலை இல்லை. பிரேசிலில் நடக்கும் 2027 உலகக் கோப்பைக்கு ஓசியானியாவுக்கு ஒரு நேரடி இடமும், அதோடு பிளே-ஆஃப் சுற்றில் ஓர் இடமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நேரடி இடம் பெரும்பாலும் நியூசிலாந்துக்கு என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாம் இடத்துக்கு வரும் அணிக்கு ஆக்லாந்தில் நீங்கள் பார்த்ததைப் போன்ற ஓர் ஆட்டம் உறுதி. முன்பெல்லாம் இரண்டாம் இடம் என்பது வெறும் பதக்கம். எனவே தீவுகளுக்குள் நடக்கும் ஆட்டங்களின் எடை கூடிவிட்டது. பாப்புவா நியூ கினிக்கு இனி பிஜியையும் சாலமன் தீவுகளையும் சமோவாவையும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாலைப் பயிற்சி

நான் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இனி இந்த அணியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அவர்கள் வென்றார்களா என்பதற்கு முன், கடந்த ஆட்டத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் இடையே எத்தனை மாதங்கள் கடந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆசிரியை அம்மா, உங்கள் பழைய மாணவிகள் எவரேனும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் அறியத் தாருங்கள்.

மலர்விழி ஆசிரியை

ஒருத்தி ஆடுகிறாள் ஐயா. தேசிய அணிக்கு அவள் போகவில்லை. அதே பள்ளியில் இப்போது அவளே ஆசிரியை. மூன்றரை மணிக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறாள் என்று சென்ற கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தாள். அந்த மழைமரத்தை வெட்டிவிட்டார்களாம். பிலும்களைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியில் மாட்டுகிறார்களாம்.